காத்தாடியும் கணக்குப்பிள்ளையும்

ஆடிட், இன்ஸ்பெக்‌ஷன், மார்ச் எண்ட் என்று ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டு வந்த பதிவு இது. போன ஞாயிற்றுக்கிழமை வந்த ஒரு போன்காலுக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் இப்போது வேலை பார்ப்பது குஜராத்தில், கட்ச் மாவட்டத் தலைநகரான புஜ்ஜில். இங்கிருந்து ஒரு மணி நேரம் தெற்கே போனால் மாண்ட்வி. பழைய துறைமுக ஊர். ருக்மாவதி ஆற்றின் கரையில் இன்றும் மரக்கப்பல் கட்டுகிறார்கள். கடற்கரையை ஒட்டிக் காற்றாலைகள் நிற்பதால் 'விண்ட் ஃபார்ம் பீச்' என்றே அதற்குப் பெயர். வீட்டம்மாவும் பெண்ணும் ஒட்டகச் சவாரிக்கு ரேட் பேசிக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து சித்தப்பா கூப்பிட்டார்.

"மக்கா, எங்க நிக்க? ஒரே காத்துச் சத்தமாக் கேக்கு?"

"கடற்கரையில சித்தப்பா. காத்தாடிக்குப் பக்கத்துல."

"அங்கயும் காத்தாடியா? சரியாப் போச்சு. நானும் அந்தக் காரியமாத்தான் கூப்பிட்டேன். நம்ம வயக்காட்டுக்கு மேக்க நிக்குற பழைய காத்தாடி நாலையும் கழத்திட்டுப் பெருசா ஒண்ணு வைக்கப் போறாங்களாம். நம்ம மிச்ச நெலத்துல ஒண்ணர ஏக்கர் குத்தகைக்குக் கேக்காங்க. பத்திரம் வந்திருக்கு. நீ பேங்க்ல இருக்கல்லா, படிச்சுச் சொல்லு."

எங்கள் ஊர் ஆரல்வாய்மொழிக்குப் பக்கம். நாகர்கோவில், திருநெல்வேலி ரோட்டில் பஸ்ஸில் போனவர்களுக்கு முப்பந்தல் தெரியும். இசக்கியம்மன் கோயில் முன்னால் லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்திச் சூடம் ஏற்றிவிட்டுத்தான் போவார்கள். சுற்றிலும் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை காற்றாலை. எங்கள் பக்கம் 'காற்றாலை' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காத்தாடிதான்.

சித்தப்பா கேட்டது ஒரு பத்திரத்தைப் பற்றி. அதற்குப் பதில் சொல்ல உட்கார்ந்தால், இந்தக் காத்தாடிகள் ஏன் வந்தன, யாருக்காக வந்தன என்ற கதை முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கதையில் ஓர் ஓரத்தில் நானும் இருக்கிறேன்.

பிசாசு வேலை

காற்றை வைத்து மாவரைப்பதும் தண்ணீர் இறைப்பதும் பல நூற்றாண்டு வழக்கம். மின்சாரம் எடுத்தது பிற்பாடுதான். 1887இல் ஸ்காட்லாந்தில் மேரிகர்க் என்ற கிராமத்தில் ஜேம்ஸ் பிளைத் என்ற பேராசிரியர், தன் விடுமுறை வீட்டுத் தோட்டத்தில் துணிப்பாய் கட்டிய காற்றாடி ஒன்றை நிறுத்தி, பேட்டரியில் மின்சாரம் சேர்த்து விளக்கு எரித்தார். மிஞ்சிய மின்சாரத்தை ஊர்த் தெருவிளக்குக்குத் தருகிறேன் என்றார். இது பிசாசு வேலை, வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் மறுத்துவிட்டார்கள். அந்த வருடக் குளிர்காலத்தில் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் சார்லஸ் பிரஷ் 144 இறக்கைகளோடு ஒரு ராட்சதக் காற்றாடியைத் தன் வீட்டுக்குப் பின்னால் நிறுத்தினார். அத்தனை இறக்கைக்கும் கிடைத்தது 12 கிலோவாட்.

இறக்கை நிறைய இருந்தால் மின்சாரமும் நிறைய வரும் என்பது தப்புக்கணக்கு என்று காட்டியவர் டென்மார்க்கின் பால் லா கோர். அஸ்கோவ் என்ற கிராமத்துப் பள்ளியில் 1891 முதல் சோதனை செய்து, குறைந்த இறக்கைகள் வேகமாகச் சுற்றுவதே மின்சாரத்துக்கு நல்லது என்று கண்டார். கிராமத்துப் பையன்களுக்கு எலெக்ட்ரீஷியன் வேலையும் கற்றுக்கொடுத்தார். அவரிடம் படித்த யோஹானஸ் யூல் 1957இல் கெட்ஸர் என்ற இடத்தில் 200 கிலோவாட் காற்றாலையைக் கட்டினார். மூன்று இறக்கை. இன்று நாம் பார்க்கும் காற்றாலைகளுக்கெல்லாம் அதுதான் பாட்டன்.

ஆனால் அன்றைக்கு பெட்ரோலியம் மலிவு. கெட்ஸர் காற்றாலையும் 1967இல் நின்றது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி விலை நாலு மடங்கு ஏறிய பிறகுதான் உலகம் மறுபடி காற்றைத் திரும்பிப் பார்த்தது.

கலிபோர்னியா சொன்ன பாடம்

இனி வருவது என் சப்ஜெக்ட். நான் பி.காம். இறக்கை எப்படிச் சுற்றுகிறது என்பதைவிட, பணம் எப்படிச் சுற்றுகிறது என்பதுதான் எனக்குக் கொஞ்சம் புரியும்.

1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் காற்றாலைக்குப் பணம் போட்டால் வரிச்சலுகை உண்டு. மத்திய அரசு ஒரு பங்கு, மாநில அரசு ஒரு பங்கு. இரண்டையும் கூட்டினால் போட்ட முதலில் பாதிக்குப் பக்கத்தில் வரியில் கழிந்துவிடும். டாக்டர்களும் பல் டாக்டர்களும் வக்கீல்களும் காற்றாலைக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். ஆல்டமான்ட், தெஹாச்சபி, சான் கோர்கோனியோ கணவாய்களில் ஆயிரக்கணக்கில் மெஷின்கள் நின்றன.

சலுகை எதற்கு என்று கவனியுங்கள். மெஷினை நிறுத்துவதற்கு. அது ஓட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆகவே டிசம்பர் 31க்குள் நின்றால் போதும் என்று அவசர அவசரமாகச் செய்த பல மெஷின்கள் சில மாதங்களிலேயே உடைந்தன. டென்மார்க்கிலிருந்து வந்தவை மட்டும் ஓரளவு தாக்குப்பிடித்தன. 1985 கடைசியில் மத்திய அரசின் சலுகை முடிந்தது. மறு வருடமே சந்தை படுத்துவிட்டது. அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த டென்மார்க்கின் வெஸ்டாஸ் கம்பெனி 1986இல் கடன்காரர்களுக்குப் பணம் கொடுக்க முடியாமல் நின்றது.

அதே 1986இல்தான் இந்தியாவில் முதல் காற்றாலைப் பண்ணைகள் வந்தன.

காற்றுக்கு பாஸ்புக் போட்டவர்

அதற்கு முன்னால் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் காற்று உண்டு என்பதை யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆனி ஆடியில் வாழையைச் சாய்க்கும், கூரையைப் பிய்க்கும், விதைத்ததை வாரிக்கொண்டு போகும். ஆனால் எத்தனை மீட்டர் வேகம், எந்த மாதம், எத்தனை மணி நேரம் என்று எழுதி வைக்காமல் ஒருவரும் முதல் போட மாட்டார்கள். கணக்கு இல்லாத வருமானத்துக்கு எந்த பேங்க்கும் கடன் கொடுக்காது.

அந்தக் கணக்கை எழுதியவர் அன்னா மணி. 1918இல் திருவிதாங்கூர் பீர்மேட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தவர். வானிலைத் துறையில் துணைத் தலைமை இயக்குநராக இருந்து 1976இல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகு செய்த வேலைதான் நம் கதைக்கு முக்கியம். நாடு முழுவதும் இருந்த காற்று அளவுகளைத் திரட்டி 1983இல் புத்தகமாகப் போட்டார். பிறகு கம்பங்கள் நட்டு அளக்கும் பெரிய சர்வே ஒன்றை நடத்தி, தொகுதி தொகுதியாக வெளியிட்டார். 2001இல் காலமானார். எங்கள் ஊர்க் காற்றுக்கு பாஸ்புக் போட்டுக் கொடுத்தவர் என்றுதான் நான் அவரை நினைத்துக்கொள்வது.

இந்த அளவு ஏன் அவ்வளவு முக்கியம்? காற்றின் வேகம் கொஞ்சம் கூடினாலும் மின்சாரம் நிறையக் கூடும். வேகத்தை மூன்று முறை பெருக்க வேண்டும் என்பது கணக்கு. நொடிக்கு 6 மீட்டர் 7 மீட்டரானால், காற்றில் உள்ள சக்தி ஏறக்குறைய 60 சதவீதம் கூடிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் தென்மேற்குப் பருவக்காற்றைப் புனலில் ஊற்றியதுபோல் நெருக்கி அனுப்புகின்றன. மலைக்கு இந்தப் பக்கம் நாங்கள் மழையில்லை என்று அழுத இடம்தான் காற்றுக்காரர்களுக்குச் சொர்க்கம்.

1986இல் குஜராத்தில் மாண்ட்வி, ஓகா, தமிழ்நாட்டில் தூத்துக்குடி, மகாராஷ்டிரத்தில் தேவ்கட், ஒடிசாவில் பூரி என்று கடற்கரையோரமாக அரசே மாதிரிப் பண்ணைகள் அமைத்தது. மெஷின் ஒவ்வொன்றும் 55 கிலோவாட். இறக்கை சுற்றும் வட்டத்தின் குறுக்களவு சுமார் 15 மீட்டர்தான். நான் போனில் பேசிக்கொண்டு நின்ற மாண்ட்வி கடற்கரையில் தொடங்கிய கதை, எங்கள் ஊர் வந்து சேர அதிக நாள் ஆகவில்லை. டென்மார்க் அரசின் உதவியோடு கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் மெஷின்கள் நின்றன. தமிழக மின்வாரியமும் எரிசக்தி மேம்பாட்டு முகமையும் சேர்ந்து முள்ளக்காடு, கயத்தாறு, முப்பந்தல், புளியங்குளம், கேத்தனூர் என்று 120 மெஷின்கள் நிறுத்தின. மொத்தம் 19 மெகாவாட்டுக்குக் கொஞ்சம் மேல்.

மாதிரி காட்டியாயிற்று. தனியார் வருவார்களா?

நூற்றுக்கு நூறு

வந்தார்கள். 1990களின் நடுவில் எங்கள் ஊர் ரோட்டில் இறக்கை ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது எனக்குப் பதினைந்து வயதிருக்கும். ஸ்கூல் விட்டதும் பார்க்க ஓடுவோம். பிப்ரவரி, மார்ச்சில்தான் கூட்டம் அதிகம். ராத்திரியும் ஜெனரேட்டர் லைட் போட்டு வேலை நடக்கும். காற்றுக்காலம் வைகாசியில் வரப்போகிறது, அதற்குள் முடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

பி.காம் இரண்டாம் வருடத்தில் வருமான வரி பாடம் எடுத்த வாத்தியார் டெப்ரிசியேஷன் விகிதங்களை எழுதிப்போட்டபோதுதான் விஷயம் புரிந்தது. வாங்கிய மெஷின் வருடா வருடம் தேயும் அல்லவா, அந்தத் தேய்மானத்தை லாபத்தில் கழித்துக்கொண்டு மீதிக்கு வரி கட்டலாம். சாதாரண மெஷினுக்கு வருடம் 25 சதவீதம். காற்றாலைக்கு 100 சதவீதம். அதாவது ஒரு கோடிக்குக் காற்றாலை வாங்கினால், முதல் வருடமே அந்த ஒரு கோடியையும் லாபத்தில் கழிக்கலாம். 1994-95இல் கம்பெனி வரி சர்சார்ஜோடு சேர்த்து 46 சதவீதம். ஆக, 46 லட்சம் வரி அந்த வருடம் கட்ட வேண்டாம். அந்த வருடக் கணக்கில் ஓரளவாவது கழிக்கக் கடைசித் தேதி மார்ச் 31. எங்கள் ஊரில் ராத்திரி லைட் எரிந்தது வைகாசிக் காற்றுக்காக அல்ல!

1995-96இல் நாடு முழுவதும் சுமார் 380 மெகாவாட் புதிதாக வந்தது. 1996இல் குறைந்தபட்ச மாற்று வரி வந்தது. அதாவது எவ்வளவு கழிவு காட்டினாலும் கொஞ்சமாவது வரி கட்டியே ஆக வேண்டும். 1997இல் கம்பெனி வரியும் 35 சதவீதமாக இறங்கியது. கட்ட வேண்டிய வரி குறைந்தால், மிச்சப்படுத்தும் ஆசையும் குறையும்தானே? 1997-98இல் புதிதாக வந்தது 65 மெகாவாட் அளவுதான். எங்கள் ஊரில் காற்று கொஞ்சமும் குறையவில்லை.

என் மேஜைக்கு வந்த ஃபைல்கள்

2002இல் 100 சதவீதம் 80 ஆனது. அதுவே தாராளம். நான் பேங்கில் சேர்ந்து திருப்பூரில் ஒரு பிராஞ்சில் அட்வான்சஸ் செக்‌ஷனில் உட்கார்ந்த 2005, 2006 வாக்கில் இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தது. பனியன் கம்பெனிகளுக்கு எக்ஸ்போர்ட்டில் நல்ல லாபம். காற்றாலை லோன் ஃபைல்கள் வந்த வண்ணம் இருந்தன.

கணக்கு எப்படிப் போகும் என்று உதாரணத்துக்குச் சொல்கிறேன். காற்றாலை 6 கோடி. பேங்க் லோன் 70 சதவீதம், 4 கோடியே 20 லட்சம். பார்ட்டி கைப்பணம் 1 கோடியே 80 லட்சம். தேய்மானம் 80 சதவீதம் என்றால் 4 கோடியே 80 லட்சம் லாபத்தில் கழியும். அன்றைய வரி 33.66 சதவீதம். முதல் வருட வரி மிச்சம் சுமார் 1 கோடியே 61 லட்சம். போட்ட கைப்பணத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஒரே வருடத்தில் திரும்பி வந்துவிட்டது! (உண்மையில் இது வரித் தள்ளுபடி அல்ல, தள்ளிவைப்பு. பின்னால் வரும் வருடங்களில் கழிக்கத் தேய்மானம் பெரிதாக இருக்காது. ஆனால் இன்று கையில் இருக்கும் ரூபாய்க்கு ஈடு உண்டா?)

ஒரு வில்லங்கமும் உண்டு. வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாக உபயோகித்த மெஷினுக்குப் பாதித் தேய்மானம்தான். ஆகவே செப்டம்பர் 30 என்பது எங்கள் பிராஞ்சில் தீபாவளி மாதிரி. அதற்குள் மின்வாரியத்தின் கமிஷனிங் சர்டிபிகேட் வர வேண்டும். போன் மேல் போன். செப்டம்பர் கடைசி என்றால் எங்கள் ஊரில் காற்றே ஓயும் நேரம். அந்த வருடக் காற்று போய்விட்டதே என்று ஒரு பார்ட்டியும் வருத்தப்பட்டு நான் பார்க்கவில்லை.

ஒருமுறை ஒரு முதலாளியிடம், "சார், உங்கள் காற்றாலை முப்பந்தலுக்கு எந்தப் பக்கம்? எனக்கு அந்த ஏரியாதான் ஊர்" என்று ஆசையாகக் கேட்டேன். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆடிட்டரைக் கேட்டுச் சொல்றேனுங்க தம்பி."

அவரைக் கிண்டல் செய்ய இதைச் சொல்லவில்லை. சட்டம் என்ன கேட்டதோ அதைத்தான் அவர் செய்தார். என் ஃபைலிலும் காற்றைப் பற்றி ஒரே ஒரு ரிப்போர்ட். வரியைப் பற்றிப் பத்துப் பக்கம்.

இன்னொரு பேங்கிங்

அப்படியானால் தமிழ்நாட்டுக் காற்றாலை எல்லாம் வெறும் வரிக்கணக்கா? இல்லை. கோவை, திருப்பூர், திண்டுக்கல் மில்காரர்களுக்கு மின்சாரமும் நிஜமாகத் தேவைப்பட்டது. முப்பந்தலில் உற்பத்தியாகும் யூனிட்டை மின்வாரியக் கம்பியில் ஏற்றி, கோவை மில்லின் பில்லில் கழித்துக்கொள்ளலாம். ஆடியில் மிஞ்சிய யூனிட்டை வாரியத்திடம் வரவு வைத்து, அடுத்த மார்ச்சுக்குள் காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளலாம். இதற்கு வாரியத்தில் வைத்த பெயரே 'பேங்கிங்'தான். அதற்கு ஒரு கட்டணமும் உண்டு. எங்கள் சேவிங்ஸ் அக்கவுண்ட் மாதிரி, ஆனால் வட்டி தருவதற்குப் பதில் கொஞ்சம் யூனிட்டைப் பிடித்துக்கொள்வார்கள்.

இதனால் என்ன ஆயிற்று என்றால், மெஷின் நின்றால் மில்காரருக்குக் கரண்ட் பில் ஏறும். ஆகவே அவர் மெஷினை ஓடவைத்தார். வரிச்சலுகை காத்தாடியைக் கொண்டுவந்தது. யூனிட் கணக்கு அதைச் சுற்றவைத்தது. கலிபோர்னியாவின் பல் டாக்டருக்கும் கோவை மில்காரருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

தேய்மானத்தால் விளைந்த நன்மையையும் மறைக்கக் கூடாது. அது இல்லையென்றால், யூனிட் விலை கட்டுப்படியாகாத அந்தக் காலத்தில் ஒருவரும் காற்றில் பணம் போட்டிருக்க மாட்டார்கள். குஜராத்தில் துணி வியாபாரம் செய்த துளசி தந்தி, தன் ஆலைக்குக் கரண்ட் செலவு தாங்காமல் இரண்டு காற்றாலை வாங்கினார். பிறகு 1995இல் சுஸ்லான் கம்பெனியே தொடங்கினார். சென்னை பள்ளிக்கரணையில் 1998இல் காற்றாலைத் தொழில்நுட்ப மையம் வந்தது. இன்றைய தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் அதுதான். எங்கள் ஊர்ப் பையன்கள் டவர் ஏறக் கற்று, குஜராத், ராஜஸ்தான் என்று போனார்கள். புஜ் பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் தமிழ் காதில் விழுந்தால் நான் ஆச்சரியப்படுவதில்லை.

காற்று மாறிய கதை

மெஷின் நட்டதற்கு அல்ல, உற்பத்தி செய்த யூனிட்டுக்குக் காசு என்று மத்திய அரசு மாற்றி யோசித்தது 2009 டிசம்பரில். யூனிட்டுக்கு 50 பைசா ஊக்கத்தொகை. இதை எடுத்தால் விரைவுத் தேய்மானம் கிடையாது. 2012 ஏப்ரலில் அந்த விரைவுத் தேய்மானத்தையே நிறுத்தினார்கள். 2011-12இல் 3,200 மெகாவாட் அளவுக்கு வந்தது, அடுத்த வருடம் 1,700ஆகச் சரிந்தது. 2014இல் திருப்பிக் கொடுத்தார்கள். 2017இல் 40 சதவீதமாகக் குறைத்தார்கள்.

2017 பிப்ரவரியில் ஏலம் வந்தது. யார் குறைந்த விலைக்கு யூனிட் தருகிறார்களோ அவர்களுக்கே ஒப்பந்தம். முதல் ஏலத்தில் 3 ரூபாய் 46 பைசா. அதே வருடம் டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 2 ரூபாய் 43 பைசா. இந்த விலையில் பனியன் கம்பெனிக்காரர் ஒற்றைக் காத்தாடி வைத்துப் பிழைக்க முடியாது. நூற்றுக்கணக்கான மெகாவாட்டை ஒரே இடத்தில் நிறுத்தும் பெரிய கம்பெனிகள் வந்தன. அவர்களுக்கு நல்ல காற்றும் வேண்டும், பரந்த நிலமும் வேண்டும். இரண்டும் கட்சில் இருந்தன.

2023 மார்ச் வரை காற்றாலையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. 2024 மார்ச்சில் பார்த்தால் குஜராத் 11,700 மெகாவாட்டைத் தாண்டி முன்னே போயிருந்தது, நாம் 10,600. நாடு முழுவதுமாக 2025 மார்ச்சில் 50,000 மெகாவாட்டைத் தொட்டோம். 1986இல் 55 கிலோவாட் மெஷின்களோடு தொடங்கிய கணக்கு.

நம் ஊரின் சங்கடம் வேறு. நாட்டிலேயே நல்ல காற்றுள்ள இடங்களில், முப்பது வருடத்துக்கு முந்தைய 225, 250 கிலோவாட் மெஷின்கள் குட்டி குட்டியாக நிற்கின்றன. முதலில் வந்தவர் முன் சீட்டில் உட்கார்ந்த கதை. இன்றைய மெஷினின் வட்டம் 140 மீட்டருக்கு மேல். பழைய 15 மீட்டர் வட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றை வாங்கும் பரப்பு எண்பது மடங்குக்கு மேல். பழையதைக் கழற்றிப் பெரியதை வைத்தால் இதே இடத்தில் பல மடங்கு மின்சாரம். நாடு முழுக்க இப்படி 25,000 மெகாவாட்டுக்கு மேல் வாய்ப்பு என்று பள்ளிக்கரணை நிறுவனமே கணக்குச் சொல்கிறது. அதில் நமக்குத்தான் பெரிய பங்கு.

ஏன் நடக்கவில்லை? ஒரு மேட்டில் இருபது மெஷினுக்கு இருபது முதலாளி. தேய்மானம் எடுத்தாயிற்று, கடன் அடைந்தாயிற்று, வருவதெல்லாம் லாபம். 2018 மார்ச்சுக்குப் பிறகு நிறுவிய காற்றாலைகளுக்குப் பழைய வருடாந்திர பேங்கிங் கிடையாது என்றாகிவிட்டது. புதியது வைத்தால் அது போய்விடுமோ என்ற பயம் வேறு. மத்திய அரசு 2016இலும் 2023இலும், தமிழ்நாடு அரசு 2024இலும் இதற்காகக் கொள்கைகள் வெளியிட்டன. இப்போதுதான் கொஞ்சம் அசைவு. அந்த அசைவுதான் சித்தப்பா வீட்டு வாசலுக்குப் பத்திரமாக வந்திருக்கிறது.

சித்தப்பாவுக்குச் சொன்னது

1995இல் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து விற்ற நிலத்தில்தான் அந்த நாலு காத்தாடிகளில் ஒன்று நிற்கிறது. ஒன்றும் விளையாத புஞ்சைக்கு யாரோ கேட்ட விலை கொடுத்தார்கள். அது அத்தை கல்யாணத்தோடு தீர்ந்தது. அதற்குப் பிறகு முப்பது ஆடி மாதம் அந்தக் காத்தாடி சுற்றியது. தேய்மானம், யூனிட், வட்டி என்று முதலாளிக்கும் மின்வாரியத்துக்கும் பேங்க்குக்கும் கணக்கு எழுதப்பட்டது. காற்று எங்கள் நிலத்தின் மேலே போனாலும் எங்களுக்கு ஒரு வரவும் இல்லை. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். விற்றது நாங்கள்தான். ஆனால் எதை விற்கிறோம் என்று தெரியாமல் விற்றோம். மண்ணுக்கு விலை பேசினோம், காற்றுக்குப் பேசவில்லை.

ராத்திரி சித்தப்பா அனுப்பிய பத்திரத்தைப் படித்தேன். திரும்பக் கூப்பிட்டு இதைத்தான் சொன்னேன். விற்க வேண்டாம், குத்தகை நல்லதுதான். ஆனால் முப்பது வருடத்துக்கும் ஒரே வாடகை என்று போட்டிருப்பதில் கையெழுத்துப் போடாதீர்கள், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை எத்தனை சதவீதம் ஏறும் என்று எழுதச் சொல்லுங்கள். உற்பத்தியாகும் யூனிட்டைப் பொறுத்து ஒரு தொகை கேட்டுப் பாருங்கள், தருவார்களோ மாட்டார்களோ, கேட்பதில் தப்பில்லை. குத்தகை முடிந்ததும் கான்கிரீட் அடித்தளத்தை யார் செலவில் எடுப்பது என்று வரி வேண்டும். கம்பெனி கைமாறினால் வாங்குகிறவரையும் இதே நிபந்தனை கட்ட வேண்டும். குத்தகை உரிமையை அவர்கள் பேங்கில் அடமானம் வைப்பார்கள். அது வழக்கம், ஆனால் நிலத்தையே ஈடாக வைப்பதாக எழுதியிருந்தால் கூடாது. சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் பதிவு செய்யாத பத்திரத்தை நம்ப வேண்டாம். உள்ளூர் வக்கீல் ஒருவரிடமும் காட்டிவிடுங்கள்.

(வெளியூரில் இருக்கும் நம்மில் பலருக்கு திருநெல்வேலி, தேனி, திருப்பூர், உடுமலைப் பக்கம் பூர்வீக நிலம் இருக்கும். இதே மாதிரி பத்திரம் உங்கள் வாட்ஸப்புக்கும் வரலாம். லீவுக்குப் போய் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.)

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சித்தப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"நீ திருப்பூர்ல காத்தாடிக்கு லோன் குடுத்தல்லா மக்கா. அந்த ஃபைல்ல நெலத்துக்காரன் பேரு இருந்துச்சா?"

இருந்தது. லீகல் ஒப்பீனியனில், மூலப் பத்திரம் என்ற இடத்தில். விற்றவர் பெயர், தகப்பனார் பெயர், சர்வே நம்பர். கீழே 'வில்லங்கம் ஏதுமில்லை' என்று எழுதியிருக்கும். நான் டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவேன். அங்கே வரிக்கணக்கு இருக்கும்.

"இருந்துச்சு சித்தப்பா" என்றேன்.

"சரி. வைகாசி கழியட்டும். காத்து அடிக்கும்போது வந்து பேசச் சொல்லுதேன் அவங்கள. அப்பத்தான் அவங்களுக்கும் வெல தெரியும்" என்று போனை வைத்தார்.

பி.காம் படித்தது நான்!